திருப்பிக் கொடுப்பதும் வியாபாரமே: ‘ரெஸ்டிட்யூஷன்’ என்ற சொல்லின் பொருளும் பயனும்

வக்கீல் நோட்டீஸ், கோர்ட் தீர்ப்பு, வரி அலுவலக உத்தரவு ஆகியவற்றில் ‘ரெஸ்டிட்யூஷன்’ என்ற சொல்லை நமது வணிகப் பெருமக்கள் அவ்வப்போது பார்த்திருப்பார்கள். “நஷ்டஈடு என்பதைத்தான் இங்கிலீஷில் இப்படி எழுதியிருக்கிறார்கள்” என்று பலரும் நினைத்துக் கொள்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் தெரியாததால், கேட்டு வாங்க வேண்டிய பணத்தைக் கேட்காமல் விட்டவர்களும் உண்டு. திருப்பித் தர வேண்டிய பணத்தை நமது வரவு என்று நினைத்துச் சிக்கலில் மாட்டியவர்களும் உண்டு. ஆகவே இந்தச் சொல்லை நம் கடைக் கண்ணோட்டத்தில் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சொல்லின் பொருள்

இது லத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். சாய்ந்ததை மறுபடி பழைய நிலையில் நிறுத்துவது என்பது அதன் மூலப்பொருள். தமிழில் மீட்டளிப்பு, மீட்டுக் கொடுத்தல், திருப்பியளித்தல் என்று பலவாறு எழுதுகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், ஒருவருக்குச் சேர வேண்டிய பொருளோ பணமோ நியாயமான காரணம் இல்லாமல் இன்னொருவரிடம் வந்து சேர்ந்திருந்தால், வைத்திருப்பவர் அதை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் ஏமாற்றி வாங்கினாரா, தானாக வந்து விழுந்ததா என்பது இங்கே முக்கியமல்ல. தன்னுடையது அல்லாத ஒன்றால் ஒருவர் லாபம் அடையக் கூடாது என்பதே இதன் அடிப்படை.

நஷ்டஈடு வேறு, மீட்டளிப்பு வேறு

ஓர் உதாரணம் பார்ப்போம். மொத்த வியாபாரி ஒருவரிடம் 10 மூட்டை துவரம் பருப்புக்கு ஆர்டர் கொடுத்து, ரூ. 20,000 அட்வான்ஸ் கட்டுகிறீர்கள். அவர் சரக்கு அனுப்பவில்லை. பண்டிகை நெருங்கிவிட்டதால் வேறு மண்டியில் அதே பருப்பை ரூ. 3,000 கூடுதலாகக் கொடுத்து வாங்குகிறீர்கள். இப்போது முதல் வியாபாரியிடம் நீங்கள் கேட்கக் கூடியவை இரண்டு. அவர் கையில் இருக்கும் உங்கள் ரூ. 20,000 திரும்ப வேண்டும், இது மீட்டளிப்பு. அவர் வாக்குத் தவறியதால் உங்களுக்கு ஏற்பட்ட ரூ. 3,000 இழப்பும் வேண்டும், இது நஷ்டஈடு.

நஷ்டஈட்டில் ‘உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்?’ என்பது கேள்வி. அதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். மீட்டளிப்பில் ‘அவரிடம் உங்களுடையது எவ்வளவு இருக்கிறது?’ என்பது கேள்வி. அட்வான்ஸ் ரசீது கையில் இருந்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரிதான். நோட்டீஸ் அனுப்பும்போது இரண்டையும் ஒரே தொகையாகக் கலந்து எழுதாமல் தனித்தனியாகக் குறிப்பிடுவது நல்லது.

1872-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நமது கடை

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் இயற்றப்பட்டது. அதன் 64, 65 மற்றும் 68 முதல் 72 வரையிலான பிரிவுகள் இந்த விஷயத்தைப் பற்றியவை. சட்டத்தை எழுதியவர்கள் கொடுத்திருக்கும் உதாரணங்களில் பல, மளிகைக் கடையிலும் மண்டியிலும் அன்றாடம் நடப்பவையே.

*தவறுதலாக இறங்கிய சரக்கு:* வியாபாரி ஒருவர் தவறுதலாக ஒருவர் வீட்டில் சரக்கை வைத்துவிட்டுப் போகிறார். வீட்டுக்காரர் அதைத் தம்முடையது போலப் பயன்படுத்திக் கொள்கிறார். அவர் விலை கொடுத்தே ஆக வேண்டும். இது 70-ஆம் பிரிவின் உதாரணம். லாரிக்காரர் பக்கத்துக் கடைக்குப் போக வேண்டிய 5 மூட்டை சர்க்கரையை நமது கடையில் இறக்கிவிட்டுப் போனால் நமக்கும் இதே விதிதான். ஆர்டர் கொடுக்கவில்லை என்ற காரணத்தால் அது இலவசமாகிவிடாது. திருப்பிக் கொடுக்கலாம், விற்றுவிட்டால் பணம் கொடுக்க வேண்டும்.

*இரண்டு முறை வந்த பணம்:* இருவர் சேர்ந்து ஒருவரிடம் 100 ரூபாய் கடன் பட்டிருக்கிறார்கள். ஒருவர் முழுவதையும் கட்டிவிட்டார். அது தெரியாமல் மற்றவரும் 100 ரூபாய் கட்டுகிறார். இரண்டாவதாக வந்த 100 ரூபாயைக் கடன் கொடுத்தவர் திருப்பித் தர வேண்டும். இது 72-ஆம் பிரிவின் உதாரணம். அண்ணன் பாக்கியைத் தீர்த்தது தெரியாமல் தம்பியும் வந்து தீர்ப்பது நமது பற்று நோட்டில் புதிதல்ல. இப்போது கியூ.ஆர். கோடு மூலம் பணம் வாங்கும் காலம். ‘பணம் போகவில்லை’ என்று நினைத்து வாடிக்கையாளர் இரண்டு முறை அனுப்புவதும், 250 ரூபாய்க்கு 2,500 அனுப்புவதும் நடக்கிறது. எந்திரம் மாறினாலும் சட்டம் அதே 72-ஆம் பிரிவுதான்.

*ரயில்வே கூடுதல் கட்டணம்:* அதே பிரிவில் இன்னொரு உதாரணமும் உண்டு. சட்டவிரோதமான கூடுதல் கட்டணத்தைக் கட்டினால்தான் சரக்கை விடுவிப்போம் என்று ரயில்வே கம்பெனி சொல்கிறது. வேறு வழியின்றிக் கட்டி சரக்கை எடுத்தவர், அதிகப்படியாக வாங்கப்பட்ட தொகையைத் திரும்பப் பெறலாம். நெருக்கடியில் கட்டிய பணம் ‘சம்மதித்துக் கட்டியது’ ஆகாது என்பது இதில் உள்ள பாடம்.

*பாதியில் நின்ற சப்ளை:* மே முதல் தேதிக்குள் 250 மணங்கு அரிசி தருவதாக ஒப்பந்தம். 130 மணங்குதான் வந்தது; வாங்கியவர் அதைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக் கொண்டார். ‘முழுச் சரக்கும் வரவில்லை, அதனால் பணம் தர மாட்டேன்’ என்று அவர் சொல்ல முடியாது. 130 மணங்குக்கு விலை கொடுக்க வேண்டும் என்கிறது 65-ஆம் பிரிவின் உதாரணம். வராத சரக்குக்கான இழப்பைத் தனியாகக் கேட்டுக் கொள்ளலாம்.

*கடையில் விட்டுச் சென்ற பொருள்:* வாடிக்கையாளர் மறந்து வைத்துப் போன பர்ஸ், குடை, செல்போன் ஆகியவற்றை எடுத்து வைத்துக் கொண்டவருக்கு, பிறர் பொருளைப் பாதுகாப்புக்கு வாங்கி வைத்திருப்பவரின் பொறுப்பு வந்துவிடுகிறது. இது 71-ஆம் பிரிவு. கடைப் பையன் எடுத்து வைத்திருந்தாலும் உரியவர் வந்து கேட்கப் போவது முதலாளியிடம்தான்.

*மைனருக்குக் கொடுத்த கடன்:* 18 வயது நிரம்பாதவரோடு செய்த ஒப்பந்தம் செல்லாது என்று 1903-இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ஆனால் அரிசி, பருப்பு போன்ற வாழ்க்கைத் தேவைப் பொருள்களை அவருக்குக் கொடுத்திருந்தால், அவருடைய சொத்திலிருந்து விலையைப் பெற 68-ஆம் பிரிவு வழி செய்கிறது. சொத்து இருந்தால்தான் பலன். அவரை நேரடியாகப் பொறுப்பாக்க முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

உருளைக்கிழங்கு காண்ட்ராக்டரின் 18,500 ரூபாய்

நமது தொழிலுக்கு நெருக்கமான ஒரு வழக்கை இங்கே சொல்ல வேண்டும். மௌலா பக்ஸ் என்பவர் 1947-இல் உத்தரப் பிரதேசத்தில் ராணுவத்துக்கு உருளைக்கிழங்கு சப்ளை செய்ய ஒரு காண்ட்ராக்டும், கோழி, முட்டை, மீன் சப்ளை செய்ய இன்னொரு காண்ட்ராக்டும் எடுத்தார். முதலாவதற்கு ரூ. 10,000, இரண்டாவதற்கு ரூ. 8,500 என டெபாசிட் கட்டினார். சப்ளை ஒழுங்காக நடக்கவில்லை. அரசு காண்ட்ராக்டை ரத்து செய்து டெபாசிட் முழுவதையும் எடுத்துக் கொண்டது.

வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. 1969-இல் தீர்ப்பு வந்தது. தவறியவர் காண்ட்ராக்டர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சரக்கு வராததால் தனக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை அரசு நிரூபிக்கவில்லை. உருளைக்கிழங்குக்கும் முட்டைக்கும் மார்க்கெட் விலை இருக்கிறது, வெளியில் என்ன விலைக்கு வாங்கினோம் என்று காட்டியிருக்கலாம், காட்டவில்லை. எனவே ரூ. 18,500-ஐத் திருப்பித் தர வேண்டும் என்று கோர்ட் உத்தரவிட்டது.

இதிலிருந்து நாம் கவனிக்க வேண்டியது என்ன? ஹாஸ்டல், கேன்டீன், அரசு அலுவலகம் ஆகியவற்றுக்கு டெண்டர் எடுக்கும் உறுப்பினர்கள், ‘டெபாசிட் போய்விட்டது’ என்று சொன்னவுடன் விட்டுவிட வேண்டியதில்லை. அதே சமயம், பேரம் முடிந்ததற்கு அடையாளமாகக் கொடுக்கும் அச்சாரம் வேறு, ஒழுங்காகச் செய்வதற்குப் பிணையாகக் கட்டும் டெபாசிட் வேறு என்ற வேறுபாட்டையும் இந்தத் தீர்ப்பு காட்டியது. நியாயமான அளவிலான அச்சாரத்தை, வாங்குபவர் பேரத்தை முறித்தால் விற்பவர் வைத்துக் கொள்ள இடமுண்டு. ஆகவே ரசீதில் ‘அச்சாரம்’ என்றோ ‘அட்வான்ஸ்’ என்றோ எழுதும் முன் யோசித்து எழுத வேண்டும்.

அரசோடு வியாபாரம் செய்பவர்கள் அறிய வேண்டிய இன்னொரு வழக்கும் உண்டு. மேற்கு வங்கத்தில் சிவில் சப்ளைஸ் இலாகா அதிகாரிகள் கேட்டுக் கொண்டதன் பேரில் ஒரு நிறுவனம் கிடங்கு முதலிய கட்டடங்களைக் கட்டிக் கொடுத்தது. முறைப்படியான ஒப்பந்தம் இல்லை என்று சொல்லி அரசு பணம் தர மறுத்தது. ஒப்பந்தம் செல்லாவிட்டாலும், கட்டடத்தை ஏற்றுப் பயன்படுத்திக் கொண்ட அரசு 70-ஆம் பிரிவின்படி அதற்குரிய தொகையைத் தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. அரசும் இந்த விதிக்கு விலக்கல்ல.

தவறுதலாகக் கட்டிய வரி

நமக்கு அதிகம் தேவைப்படும் பகுதி இதுதான். காசியில் வெள்ளி முன்பேர வியாபாரம் செய்த ஒரு நிறுவனம் அதற்கு விற்பனை வரி கட்டி வந்தது. அந்த வரியே செல்லாது என்று பின்னர் வேறொரு வழக்கில் தீர்ப்பானது. ‘சட்டத்தைத் தவறாகப் புரிந்து கட்டிய வரியைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று அந்த நிறுவனம் கேட்டது. 72-ஆம் பிரிவில் ‘தவறு’ என்பது சட்டம் பற்றிய தவறையும் குறிக்கும், எனவே வரியைத் திருப்பித் தர வேண்டும் என்று 1958-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

ஆனால் அதன் பிறகு ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. வியாபாரி அந்த வரியை வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே வசூலித்திருந்தால், திரும்ப வரும் பணம் யாருக்குச் சொந்தம்? 1996 டிசம்பரில் மஃபத்லால் வழக்கில் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு இதற்குப் பதில் சொன்னது. வரிச் சுமையை வாடிக்கையாளர் மேல் ஏற்றிவிட்டவர் அதைத் திரும்பக் கேட்க முடியாது. சுமையைத் தாமே தாங்கியதாகக் காட்டுபவருக்கே ரீஃபண்ட் உரியது. முந்தைய தீர்ப்பின் வீச்சை இது குறைத்துவிட்டது.

ஜி.எஸ்.டி. சட்டத்திலும் இதே கருத்து இருக்கிறது. வரி கட்டியவர் அதை வாடிக்கையாளரிடம் வசூலித்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக் கொள்ளும்; இல்லை என்று நிரூபிப்பது நமது பொறுப்பு. ரீஃபண்ட் கேட்க 54-ஆம் பிரிவின்படி குறிப்பிட்ட நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம். நிரூபிக்க முடியாவிட்டால் தொகை நுகர்வோர் நல நிதிக்குப் போகும். வெளி மாநில விற்பனையை உள் மாநில விற்பனை என்று தவறாகக் கருதி வரி கட்டியிருந்தால், சரியான வரியைக் கட்டிவிட்டுப் பழையதைத் திரும்பப் பெற 77-ஆம் பிரிவு இடம் தருகிறது.

மறுபக்கமும் உண்டு. வரிவிலக்கு உள்ள சில்லறை அரிசிக்கு வரி என்று சொல்லிப் பணம் வாங்கினால், அது நமது லாபம் ஆகாது. வரி என்ற பெயரில் வசூலித்த தொகை எதுவானாலும் அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும் என்கிறது 76-ஆம் பிரிவு. விற்பனை வரிக் காலத்திலேயே, இப்படி அதிகமாக வசூலித்ததை அரசு பறிமுதல் செய்யலாம் என்று 1977-இல் அஜித் மில்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு வியாபாரிகள் பில்லில் தனியாக வரி வசூலிக்கவே கூடாது என்பதையும் நினைவில் கொள்ளவும்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’

கல்லாவுக்கு மேல் இந்த வாசகத்தை மாட்டாத கடை குறைவு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக் கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை என்று அது வரையறுக்கிறது. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள் திருப்பித் தர வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாள். பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது.

வாடிக்கையாளர் மனம் மாறித் திருப்பிக் கொண்டு வரும் நல்ல பொருளுக்கு இது பொருந்தாது. அது நமது விருப்பம். வண்டு விழுந்த ரவை, காலாவதியான பிஸ்கட், கசந்த எண்ணெய் ஆகியவற்றுக்குப் பலகையைக் காட்டித் தப்பிக்க முடியாது. காலாவதியான உணவுப் பொருளை விற்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விற்றவர்தான் பொறுப்பு.

நமது குறை என்னவென்றால், வாடிக்கையாளருக்கு நாம் திருப்பித் தருகிறோம். கம்பெனி நமக்குத் திருப்பித் தருவதில்லை என்பது. நியாயமான குறைதான். குறைபாட்டோடு வந்த சரக்குக்கு விற்றவரைக் கேட்க 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் விற்காமல் நின்று காலாவதியான சரக்கைக் கம்பெனி எடுத்துக் கொள்ளுமா என்பது பேசி வைத்த நிபந்தனையைப் பொறுத்தது. சேல்ஸ்மேன் வாயால் சொன்னதை நம்பி சரக்கை இறக்காமல், ஆர்டர் படிவத்திலோ பில்லிலோ எழுதி வாங்கிக் கொள்வதே பாதுகாப்பு. திரும்ப எடுத்த சரக்குக்கு கிரெடிட் நோட் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் அந்த கிரெடிட் நோட்டைக் கணக்கில் காட்டினால்தான் விற்றவர் தமது வரியைக் குறைத்துக் கொள்ள முடியும் என்பதால், தாமதிப்பது இருவருக்கும் நஷ்டம்.

சொல் வழங்கும் வேறு இடங்கள்

கோர்ட் தீர்ப்பு மாறும்போது இந்தச் சொல் மறுபடி வருகிறது. கீழ்க்கோர்ட் தீர்ப்பின்படி கடையைக் காலி செய்கிறீர்கள். அப்பீலில் உங்களுக்குச் சாதகமாகிறது. அப்போது கடையைத் திரும்ப ஒப்படைக்கவும், இடைக்கால வருமானம், வட்டி, செலவு ஆகியவற்றைக் கொடுக்கவும் சிவில் நடைமுறைச் சட்டம் 144-ஆம் பிரிவில் மனுச் செய்யலாம். இதற்குத் தனி வழக்குப் போட வேண்டியதில்லை. கோர்ட்டின் செயலால் யாருக்கும் கெடுதல் வரக் கூடாது என்பது இதன் தத்துவம்.

பிரிந்து போன கணவனோ மனைவியோ சேர்ந்து வாழக் கோரும் இந்துத் திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவிலும் இதே சொல்தான் உள்ளது. பந்து தரையில் மோதி எவ்வளவு வேகத்தில் எழும்புகிறது என்பதை அளக்கும் எண்ணுக்கும் இயற்பியலில் இதே பெயர்.

திருடுபோன சாமி சிலைகள் திரும்பி வருவதையும் இப்படியே குறிப்பிடுகிறார்கள். தஞ்சை வட்டாரத்துப் பத்தூரில் 1976-இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராஜர் சிலை கடத்தப்பட்டு, 1982-இல் ஒரு கனடா நிறுவனம் அதைப் பணம் கொடுத்து வாங்கியது. லண்டனில் வழக்கு நடந்தது. கோயிலின் உரிமை ஏற்கப்பட்டு 1991-இல் சிலை திரும்பி வந்தது. பணம் கொடுத்து வாங்கியவர் என்றாலும், உரிமை இல்லாதவரிடம் வாங்கியவருக்கு உரிமை வராது. மலிவு விலையில் பில் இல்லாமல் சரக்கு வாங்குபவர்கள் இதை யோசிக்க வேண்டும். திருட்டுச் சரக்கு என்றால் சரக்கும் போகும், கொடுத்த பணமும் போகும்.

எப்போது கேட்க முடியாது?

எல்லாவற்றையும் திரும்பக் கேட்டுவிட முடியாது. இலவசமாகச் செய்யும் எண்ணத்தோடு செய்த உதவிக்குப் பின்னால் பில் அனுப்ப முடியாது. பக்கத்துக் கடையில் தீப்பிடித்தபோது ஓடிப்போய்ச் சரக்கைக் காப்பாற்றியதற்குக் கூலி கேட்பது அப்படிப்பட்டதே.

சட்டவிரோதம் என்று இருவருக்கும் தெரிந்தே செய்த பேரத்தில் கோர்ட் உதவாது. ரேஷன் அரிசிக்குக் கொடுத்த அட்வான்ஸ் அந்த வகையைச் சேரும்.

தாமதித்தாலும் பயனில்லை. பொதுவாக 3 ஆண்டுதான் கெடு. தவறுதலாகக் கட்டிய பணமானால், தவறு தெரிந்த நாளிலிருந்தோ கவனமாக இருந்திருந்தால் தெரிந்திருக்கக் கூடிய நாளிலிருந்தோ கணக்கு ஆரம்பிக்கும். மத்தியப் பிரதேசத்தில் செல்லாத வரி கட்டிய ஒரு காண்ட்ராக்டர் வழக்கில், பணம் திரும்பத் தரப்பட வேண்டியதே என்ற கொள்கையை 1989-இல் சுப்ரீம் கோர்ட் ஏற்றது. ஆனால் கெடு தாண்டி வழக்குப் போட்டதால் அவருக்குக் காசு கிடைக்கவில்லை.

உறுப்பினர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

1. யார் கட்டியது என்று தெரியாத பணத்தை விற்பனை வரவில் சேர்க்காமல், ‘சஸ்பென்ஸ்’ கணக்கில் தனியாக வைக்கவும். வங்கி ஸ்டேட்மென்டை வாரம் ஒரு முறையாவது பேரேட்டோடு ஒத்துப் பார்க்கவும்.

2. தவறி வந்த பணம் என்று தெரிந்தும் செலவழித்தால் விஷயம் சிவிலோடு நிற்காது. பிறர் பொருளை நேர்மையற்ற முறையில் கையாடுவது பாரதிய நியாய சன்ஹிதா 314-ஆம் பிரிவின்படி குற்றம்.

3. பணத்தைத் திருப்பும்போது ரொக்கமாகக் கொடுத்தால் கையெழுத்து வாங்கவும். ஆன்லைனில் வந்ததை, வந்த கணக்குக்கே அனுப்பவும். ‘வேறு நம்பருக்கு அனுப்புங்கள்’ என்றால் உஷார். அது மோசடியாக இருக்கலாம். வங்கி மூலமாகவே திருப்பவும்.

4. ஆர்டர் இல்லாத சரக்கு இறங்கினால் அன்றே போன் செய்து, எழுத்திலும் தெரிவிக்கவும். விற்பனைச் சரக்கோடு கலக்க வேண்டாம்.

5. நீங்கள் பணம் கேட்க வேண்டிய இடத்தில் ரசீது, டெலிவரி சலான், கடிதப் போக்குவரத்து ஆகியவற்றைப் பத்திரப்படுத்தவும். 3 ஆண்டுக் கெடுவை டைரியில் குறித்து வைக்கவும். பெரிய தொகையானால் வக்கீலையோ ஆடிட்டரையோ கலந்து கொள்ளவும்.

பிறர் பொருளையும் தம் பொருள் போலப் பேணிச் செய்வதே வாணிகம் என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லி வைத்தார். சட்டப் புத்தகம் பிரிவு எண் போட்டுச் சொல்வதும் அதைத்தான். இருமுறை வந்த 500 ரூபாயை நாமாகக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தால், அந்த வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போக மாட்டார். நமக்கு வர வேண்டிய ரூ. 18,500-ஐயும் தயங்காமல் கேட்டு வாங்க வேண்டும். இரண்டும் சேர்ந்ததே நேரான கணக்கு.